ஜேம்ஸ் பாண்டின் பிஸ்டல் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது... கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கலாமா?

அமெரிக்காவில் சின்ன ஊர்களில்கூட துப்பாக்கிக் கடை இருக்கும். நம் ஊரில் பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புதிய மிக்ஸி வாங்குவதுபோல, அங்கே பழைய துப்பாக்கியைக் கொடுத்து இன்னொன்று வாங்குவது சாதாரண விஷயம். சில சமயம் இது தலைகீழாகவும் நடக்கும். கையில் இருக்கும் நல்ல புதிய பிஸ்டலைக் கொடுத்துவிட்டு, தாத்தா காலத்துப் பிஸ்டல் ஒன்றை வாங்க மனசு அடித்துக்கொள்ளும். அப்படி ஆசை காட்டும் பிஸ்டல்களில் முக்கியமானது வால்தர் பிபிகே. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஜெர்மன் பிஸ்டல்.

இதன் அண்ணன் 'பிபி' 1929-ல் வந்தது. போலீஸ் பிஸ்டல் என்பதன் சுருக்கம்தான் பிபி. சாதாரண உடையில் திரியும் துப்பறியும் போலீஸார் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள, 1930-களின் தொடக்கத்தில் அதையே கொஞ்சம் குறுக்கினார்கள். அதுதான் பிபிகே. நீளம் 155 மில்லிமீட்டர், உயரம் 100 மில்லிமீட்டர், எடை சுமார் 590 கிராம்.

இந்தப் பிஸ்டலுக்கு இருக்கும் கதைகள் கொஞ்சநஞ்சமல்ல. 1945 ஏப்ரல் 30 அன்று பெர்லின் பதுங்கு குழியில் ஹிட்லர் தன்னைச் சுட்டுக்கொண்டது இதனால்தான். 1979-ல் தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே முதலில் சுட்டதும் இதனால்தான். நடுவில் ஜேம்ஸ் பாண்ட் வேறு. பாண்ட் முதலில் வைத்திருந்தது குட்டி பெரெட்டா. 'அது லேடீஸ் பிஸ்டல் மாதிரி இருக்கிறது' என்ற ரீதியில் ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி நிபுணர் எழுத்தாளர் இயன் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். ஃபிளெமிங் அதை ஏற்றுக்கொண்டு, 1958-ல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டின் கையில் வால்தரைக் கொடுத்தார். கடிதம் எழுதியவரின் பெயரையே ஒரு பாத்திரத்துக்கும் வைத்துவிட்டார்!

அந்தப் படத்தில் ஷான் கானரி பயன்படுத்திய பிஸ்டல் 2020 டிசம்பரில் 2,56,000 டாலருக்கு ஏலம் போனது. அது பிபிகே இல்லை, அண்ணன் பிபி. அதுவும் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டது. கதைக்கு என்ன விலை பாருங்கள்.

கடைக்காரர் விற்பதும் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பாயின்ட்டில் தோற்ற துப்பாக்கி

கென்னடி சகோதரர்கள், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் படுகொலைகளுக்குப் பிறகு, 1968-ல் அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு அளவு, எடை, பாதுகாப்பு அம்சங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். பிபிகே ஒரே ஒரு பாயின்ட்டில் ஃபெயில்! வால்தர் அசரவில்லை. கொஞ்சம் உயரமான பிபியின் உடலில் பிபிகேயின் மேல்பாகத்தைப் பொருத்தி, சுமார் 50 கிராம் எடை கூடிய 'பிபிகே/எஸ்' என்ற ஒன்றை உருவாக்கியது. பாஸ்!

இதனால் ஜெர்மனியிலிருந்து 1968-க்கு முன்பு வந்து சேர்ந்த அசல் பிபிகேக்களுக்கு அமெரிக்காவில் தனி மவுசு. பின்னாளில் அமெரிக்காவிலேயே லைசென்ஸ் பெற்றுத் தயாரித்தவையும் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். விலைதான் ஏணி வைத்தாலும் எட்டாது.

'உல்ம்' என்று ஜெர்மன் ஊர்ப்பெயர் பொறித்திருந்தால் ஜெர்மனியில் செய்தது என்று நம்பிவிடக் கூடாது. போருக்குப் பிறகு வால்தரின் பழைய தொழிற்சாலை இருந்த பகுதி சோவியத் வசம் போனது. நிறுவனம் உல்ம் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1952 முதல் 1986 வரை இந்தப் பிஸ்டல்களைச் செய்துகொடுத்தது பிரான்ஸின் மனுரான் நிறுவனம். உல்ம் முத்திரையோடு விற்ற பலவும் பிரான்ஸில் உருவானவையே. தரம் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால், விலை பேசும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

நாஜி கழுகு பொறித்த கைப்பிடி என்றால் இன்னும் உஷார். கட்சித் தலைவர்களுக்கு அப்படிக் கொடுத்தது உண்மை. அதனாலேயே போலிக் கைப்பிடிகள் தாராளமாக உலவுகின்றன. ஒரு திருகைக் கழற்றினால் வந்துவிடும் பாகத்தை நம்பிப் பணம் கொடுப்பதா? உலோகத்தில் அடித்திருக்கும் சோதனை முத்திரையைப் பாருங்கள். 1940 வாக்கில்தான் கிரீடச் சின்னம் மாறிக் கழுகுச் சின்னம் வந்தது. சொல்லும் வருடமும் முத்திரையும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கதையை மறந்துவிடலாம்.

பளபளப்பும் எதிரிதான். பழைய நீலக்கறுப்புப் பூச்சு உதிர்ந்திருக்கிறதே என்று மறுபடி பூச்சு போட்டால், பிஸ்டல் அழகாகும். சேகரிப்பாளர்களிடம் மதிப்பு சரியும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கொடுப்பது என்ன?

வருவதைப் பார்க்கும் கண், போவதைப் பார்ப்பதில்லை. 2018-ல் வந்த சிக் சாவர் பி365 கிட்டத்தட்ட பிபிகே அளவுதான், எடை இன்னும் குறைவு. ஆனால் அதில் வலுவான 9 எம்எம் தோட்டா 10 கொள்ளும். பிபிகேயின் மேகஸினில் (நம் பத்திரிகை அல்ல, தோட்டா அடுக்கும் உறை!) வலுக் குறைந்த 7.65 எம்எம் தோட்டா 7 மட்டுமே. முதல் முறை ட்ரிகரை இழுக்க நல்ல பலம் வேண்டும். கை பெரிதாக இருந்தால், பின்னோக்கி வரும் மேல்பாகம் கட்டைவிரல் இடுக்கைக் கீறிவிடும். 'வால்தர் கடி' என்றே இதற்குப் பெயர்.

இது கைவலியோடு முடிந்தால் பரவாயில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் 2002 முதல் 2009 வரை அமெரிக்காவில் தயாரித்த பிபிகேக்களை, ட்ரிகரைத் தொடாமலே குண்டு வெளியேற வாய்ப்பு இருப்பதாகச் சொல்லி 2009-ல் நிறுவனமே திரும்பப் பெற்றது. அவற்றில் ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்தால், பழுது நீக்கியதற்கான சான்று இல்லாமல் தொடக் கூடாது.

என்னைக் கேட்டால், வீட்டுப் பாதுகாப்புக்கு என்று வைத்திருப்பது அந்த ஒரு புதிய பிஸ்டல்தான் என்றால், மாற்றவே வேண்டாம். வார்த்தைப்பாட்டில் 'எக்ஸ்சேஞ்ச்' என்றாலும் கடைக்காரர் உங்கள் பொருளை மறுவிற்பனை விலைக்குக் கீழேதான் எடுப்பார். சும்மா இருக்கும் இரண்டாவது துப்பாக்கி என்றால், முத்திரைகள் சரியாக இருந்தால், யோசிக்கலாம். இந்தக் கணக்கு துப்பாக்கி ஏற்கெனவே உள்ள வீட்டுக்கு. புதிதாக ஒன்றைக் கொண்டுவரும் வீட்டுக்குக் கணக்கே வேறு. வீட்டில் துப்பாக்கி இருந்தால் தற்கொலை அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் பல சொல்கின்றன. 'ஷோகேஸ் பொருள்தானே' என்று பூட்டாமல் வைக்கும் பழைய பிஸ்டலும் சுடும். குழந்தைக்கு அது பொம்மை சைஸ்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். கடையில் பிஸ்டலை மாற்றினாலும் 4473 என்ற படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் தடையில்லை. நண்பர் ஆசையாகக் கொடுத்தாலும் விசாவில் இருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது ஆபத்து. நாட்டைவிட்டே அனுப்பும் அளவுக்குப் போகலாம்.

இந்தியாவிலும் இந்த மோகம் உண்டு. 1980-களில் இறக்குமதி நின்றுபோனதால், லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் உள்ள பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு விலை எகிறியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் உள்ள இருவர் தங்களுக்குள் கைமாற்றுவதாக இருந்தாலும், மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதே வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.