சங்கக் கணக்குக்கு ஒரு சிறு கணினி

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நூல் இருப்புப் பதிவேட்டைப் பார்த்து முடித்ததும், வயதில் மூத்தவரான காரியதரிசி மேஜை இழுப்பறையிலிருந்து சீட்டுக்கட்டு அளவேயுள்ள பச்சைப் பலகை ஒன்றை எடுத்து நம் முன் வைத்தார். "பழைய கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது, சார். பேரன் இதை வாங்கிக் கொடுத்தான். இதை நம்பி தினசரிக் கணக்கு எழுதலாமா?" என்றார். வேறு சங்கங்களிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறோம். ஆகையால் அவருக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

அந்தப் பலகையின் பெயர் ராஸ்ப்பெரி பை 4. பிள்ளைகள் கணினி கற்க வேண்டுமென்னும் நோக்கத்துடன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோன்றிய ஸ்தாபனம் ஒன்று 2012 பிப்ரவரியில் இவ்வகைப் பலகையை முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. நான்காம் வகை 2019 ஜூனில் வந்தது. இதில் வன்தட்டு கிடையாது. நகக்கண் அளவுள்ள நினைவட்டையே அதன் பெட்டகம். திரையும் விசைப்பலகையும் நாமே இணைத்துக்கொள்ள வேண்டும்.

பலகையை வாங்கிவிட்டால் போதாது; அதை இயக்கும் மென்பொருள் யாருடையது என்பதே முக்கியமான விஷயம். உற்பத்தியாளரே தரும் ராஸ்ப்பெரி பை ஓஎஸ் நல்லதுதான், எளிதும்கூட. ஆனால் எல்லாப் பலகைகளுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. நாம் முன்பு மலிவு கருதி வேறொரு பலகை வாங்கினோம். விற்றவர் கொடுத்த மென்பொருள் அந்தப் பலகையில் மட்டுமே ஓடும். இரண்டாண்டுக்குப் பின் திருத்தங்கள் வருவது நின்றது. கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஒரே வியாபாரியிடம் பாவு வாங்கி, அவனிடமே சேலையை விற்ற காலத்தின் கஷ்டத்தை நம் நெசவாளர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனவே காரியதரிசிக்கு டெபியன் என்னும் பொதுவான லினக்ஸ் தொகுப்பையே சிபாரிசு செய்தோம். 1993இல் அயன் மர்டாக் என்பவர் தொடங்கிய இம்முயற்சி இன்று உலகெங்குமுள்ள தொண்டர்களால் நடத்தப்படுகிறது. அவர்களுக்கு எழுதப்பட்ட விதிமுறை உண்டு. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய விவகாரங்களை வாக்கெடுப்பில் தீர்க்கிறார்கள். பங்குத்தொகையும் டிவிடெண்டும் இல்லை என்பது தவிர, நம் மகாசபைக்கு அதிக தூரமில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சுமார் மூன்றாண்டு முழுப் பராமரிப்பும், மேலும் இரண்டாண்டு நீட்டிப்பும் கிடைக்கின்றன.

முதற்பலகையில் இது இவ்வளவு சுலபமாக இல்லை. அதன் செயலி பழைய வகை. டெபியனின் வேகமான பதிப்போ புதிய வகைக்கென அமைந்தது. அதனால் தொண்டர் சிலர் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அதற்கேற்ப மீண்டும் தொகுத்து ராஸ்ப்பியன் என்று வெளியிட்டனர். 2015இல் இரண்டாம் வகைப் பலகை வந்தபின் அந்தத் தடை நீங்கியது. ஆயினும் ஒரு முடிச்சு எஞ்சியது. பலகை விழித்தெழுவதற்கு உற்பத்தியாளரின் மூடிய நிரல் துண்டு ஒன்று அவசியம். டெபியனோ திறந்த மென்பொருளையே கொள்கையாகக் கொண்டது. இத்தகைய துண்டுகளை அதிகாரபூர்வ நிறுவல் தட்டில் சேர்க்கலாமா என்று 2022இல் வாக்கெடுத்து, சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். கொள்கையில் விட்டுக்கொடுத்ததாக வருந்துவோர் உண்டு. ஓடாத தறியால் யாருக்கு லாபம் என்பது நம் அபிப்பிராயம்.

இனி நிறுவும் முறை. 32 ஜிபி அளவுள்ள நம்பகமான நினைவட்டை ஒன்றும், 5 வோல்ட் 3 ஆம்பியர் மின்வழங்கியும் வேண்டும். செல்போன் சார்ஜரைச் செருகிவிட்டு "அடிக்கடி நின்றுபோகிறது" என்று பலகையைக் குறை சொல்லக் கூடாது. வேறொரு கணினியில் அந்தப் பலகை வகைக்குரிய டெபியன் பிம்பக் கோப்பை இறக்கி, அதனுடன் வெளியிடப்பட்ட சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வந்திறங்கிய நூல் மூட்டையை எடை போடாமல் கையெழுத்திடுவோமா?

பின்னர் அதை 'டிடி' என்னும் கட்டளையால் நினைவட்டையில் எழுத வேண்டும். இங்கேதான் நாம் ஒருமுறை தவறினோம். நினைவட்டைக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த பென் டிரைவின் பெயரைக் கொடுத்துவிட்டோம். மூன்று மாதப் பார்வைக் குறிப்புகள் அரை நிமிஷத்தில் போயின. அந்தக் கட்டளை "சரியா?" என்று கேட்பதில்லை. எழுதுமுன் மற்றச் சாதனங்களையெல்லாம் கழற்றிவிட்டு, கொள்ளளவைப் பார்த்துப் பெயரை உறுதி செய்யுங்கள்.

அட்டையைப் பலகையில் செருகி மின்சாரம் கொடுத்தால் கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே ஓடும், திகைக்க வேண்டாம். படங்களும் சாளரங்களும் பின்னால் நாம் நிறுவிக்கொள்வன. 'ரூட்' என்னும் தலைமைப் பயனராக, கடவுச்சொல் இல்லாமலே அந்த விசைப்பலகையிலிருந்து உள்ளே நுழையலாம். ஆதலால் முதல் வேலை கடவுச்சொல் வைப்பது. அடுத்து, எழுத்தருக்குத் தனிக் கணக்கு, அதன்பின் திருத்தங்கள், பிறகு சிறியதொரு சாளரச் சூழல், லிப்ரே ஆபீஸ், தமிழ் எழுத்துருக்கள். யாவும் டெபியன் களஞ்சியத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. காரியதரிசியின் பேரன் பக்கத்திலிருந்து தட்ட, ஒரு பிற்பகலில் வேலை முடிந்தது.

மின்தடைதான் இதன் சத்துரு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நினைவட்டை கெடக்கூடும். முறைப்படி அணைத்த பின்பே மின்சாரத்தை நிறுத்துவதும், அன்றன்றைய கணக்கை வேறோரிடத்தில் நகல் எடுத்து வைப்பதும் எழுத்தரின் கடமையாகட்டும்.

புறப்படுமுன் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான்காம் வகைப் பலகையில், மின்சாரமில்லாதபோது ஓடும் கடிகாரம் இல்லை. இணையம் கிடைத்தால்தான் அது சரியான நேரத்தைத் தெரிந்துகொள்ளும். சனிக்கிழமை அணைத்துவிட்டுத் திங்கட்கிழமை இணையமின்றித் திறந்தால் திரையில் சனிக்கிழமையே நிற்கும். அன்றைய வரவு அந்தத் தேதியிலேயே பதிவாகிவிடும். தணிக்கையில் இதற்கு என்ன குறிப்பு எழுதுவோம் என்று காரியதரிசிக்கே தெரியும். மின்கலத்துடன் கூடிய சிறு கடிகாரத் துணுக்கு ஒன்றைப் பலகையின் ஊசிகளில் பொருத்தினால் இக்குறை தீரும். அது வரும்வரை, காலையில் சுவர்க் காலண்டரையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுத்தர் கையொப்பமிட வேண்டுமென்று பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தோம்.