"ஆம்" என்ற ஒரு சொல்

துப்பறியும் கதைகளில் ஈடுபாடுள்ள நேயர்களுக்கு ஒரு காட்சி மிகவும் பழக்கமானது. கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் குற்றவாளிக்கு எதிரே வந்து உட்காருவார். தாம் கண்டுபிடித்த தடயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். குற்றவாளியின் முகம் வெளுக்கும், நாக்கு வறளும், "ஆம், நான்தான் செய்தேன்" என்று அலறுவான். கதை முடிந்துவிடும். நாமும் மன நிம்மதியுடன் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவோம்.

உலக வாழ்க்கையிலோ அந்த "ஆம்" என்ற சொல்லோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. லண்டன் மாநகரில் 1949-ம் வருஷம் ஓர் இளைஞன் சொன்ன "ஆம்" பதினேழு வருஷ காலம் பிரிட்டிஷ் நீதி இலாகாவின் தூக்கத்தைக் கெடுத்தது.

இரண்டு துணிக் குவியல்கள்

டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவு. லண்டன் நாட்டிங் ஹில் போலீஸ் நிலையத்தில் ஓர் அறை. மேஜை அருகில் தலைமை இன்ஸ்பெக்டர் ஜென்னிங்ஸ் இருக்கிறார். உடன் இன்ஸ்பெக்டர் பிளாக் இருக்கிறார். வேல்ஸ் தேசத்திலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்ட இருபத்தைந்து வயது வாலிபன் ஒருவன் அவர்களுக்கு எதிரே நிற்கிறான். திமதி இவான்ஸ் என்பது அவன் பெயர். மோட்டார் வண்டி ஓட்டிப் பிழைப்பவன். எழுதப் படிக்க அநேகமாகத் தெரியாதவன். பொய்யும் பெருமையும் பேசுகிறவன் என்று பெயரெடுத்தவன்.

அறையில் இரண்டு துணிக் குவியல்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று அவன் மனைவி பெரிலின் உடைகள். மற்றொன்று பதின்மூன்று மாதக் குழந்தை ஜெரால்டினின் சின்னஞ்சிறு உடைகள். அவற்றோடு ஒரு கழுத்து 'டை'யும் இருந்தது. குழந்தையின் கழுத்தில் இறுகியிருந்த 'டை' அது.

ரில்லிங்டன் பிளேஸ் என்ற தெருவில் 10-ம் நம்பர் வீட்டின் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் அறையில், இரண்டு பிரேதங்களும் அன்று காலை கண்டெடுக்கப்பட்டன என்றும், இருவரும் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டார்கள் என்றும், அதற்கு அவனே பொறுப்பாளி என்று தாம் நம்புவதாகவும் ஜென்னிங்ஸ் சொன்னார்.

இவான்ஸ் "ஆம்" என்றான்.

பிறகு அவன் சொல்லச் சொல்லப் போலீஸார் எழுதிக்கொண்டார்கள். மனைவி கடன் வாங்கிக் குவித்ததால் சண்டை மூண்டது, நவம்பர் 8-ந் தேதி கயிற்றினால் அவளைக் கொன்றேன், இரண்டு நாள் கழித்துக் குழந்தையை 'டை'யினால் கொன்றேன், பிரேதங்களைத் துவைக்கும் அறையில் மறைத்தேன் என்று வாக்குமூலம் பூர்த்தியாயிற்று.

முன்னால் சொன்ன கதைகள்

இதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 30-ந் தேதி, இவான்ஸ் தானாகவே மெர்த்தர் டிட்வில் நகரத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்தான். கருவைக் கலைப்பதற்காக மருந்து குடித்த மனைவி இறந்துபோனாள் என்றும், உடலைத் தெருச் சாக்கடைக்குள் போட்டுவிட்டதாகவும் சொன்னான். லண்டன் போலீஸார் சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தார்கள். அந்த மூடியைத் தூக்குவதற்கே மூன்று ஆட்கள் வேண்டியிருந்தது. உள்ளே பிரேதம் எதுவும் இல்லை.

அதை அறிந்ததும் இவான்ஸ் கதையை மாற்றினான். அதே வீட்டின் கீழ்த் தளத்தில் ஜான் கிறிஸ்டி என்பவன் குடியிருந்தான். அவன் கருச்சிதைவு செய்வதாகச் சொன்னான், அதில் பெரில் இறந்தாள், உடலை அப்புறப்படுத்துவதையும் குழந்தையை ஒரு தம்பதிகளிடம் ஒப்படைப்பதையும் அவனே ஏற்றுக்கொண்டான் என்பது இரண்டாவது கதை.

லண்டனில் கொடுத்த வாக்குமூலத்தையும் இவான்ஸ் சீக்கிரத்திலேயே மறுத்துவிட்டான். செய்தவன் கிறிஸ்டியே என்று தாயாரிடமும் வக்கீல்களிடமும் சொன்னான். தூக்கு மேடை ஏறும் வரையில் அந்தச் சொல்லை அவன் மாற்றவில்லை.

அப்படியானால் "ஆம்" என்றது ஏன்? விசாரணையில் இந்தக் கேள்வி எழுந்தது. குழந்தையும் இறந்துவிட்டது என்பதை அந்த அறையில்தான் முதன்முதலாக அறிந்ததாகவும், அதற்குமேல் எதைப் பற்றியும் கவலைப்படவில்லை என்றும், வாக்குமூலம் கொடாவிட்டால் போலீஸார் கீழே கொண்டுபோய் அடிப்பார்கள் என்று பயந்ததாகவும் அவன் பதில் சொன்னான்.

குற்றவாளியன்றி வேறு எவனுக்கும் தெரிந்திருக்க முடியாத விவரங்கள் வாக்குமூலத்தில் இருக்கின்றன என்பது எதிர்க்கட்சியின் வாதம். வாசகர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். பிரேதங்கள் கிடந்த இடம், கழுத்து நெரிக்கப்பட்ட செய்தி, 'டை' ஆகிய மூன்றையும் இன்ஸ்பெக்டரே முதலில் சொல்லியும் காட்டியும் விட்டார். எஞ்சிய விவரங்களில் எவை இவான்ஸின் மனத்திலிருந்து வந்தவை, எவை கேள்வி கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தவை என்று பிரித்துச் சொல்ல அந்த அறையில் வேறு சாட்சி இல்லை.

வாக்குமூலம் குறிப்பிட்ட நாட்களில் அந்த வீட்டில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர்கள் துவைக்கும் அறையை உபயோகித்து வந்தார்கள். அங்கே பிரேதம் எதையும் அவர்கள் காணவில்லை. ஆயினும் அவர்கள் ஜூரிகளின் முன்னால் அழைக்கப்படவே இல்லை.

தீர்ப்பும் பின்விளைவும்

1950-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி, குழந்தையைக் கொன்றதாக வழக்கு ஆரம்பமாயிற்று. பிராசிக்யூஷன் தரப்பின் முக்கிய சாட்சி வேறு யாருமல்ல; கீழ்த் தளத்துக் கிறிஸ்டிதான். யுத்த காலத்தில் போலீஸில் வேலை பார்த்தவன். அடங்கிய குரலில் மரியாதையாகப் பேசுகிறவன். அவன் சிறை சென்றவன் என்பது வெளிப்பட்டும், படிப்பறிவற்ற வாலிபனுடைய பேச்சைவிட அவனுடைய பேச்சே எடுபட்டது. ஜூரிகள் சுமார் 40 நிமிஷம் ஆலோசித்துக் குற்றவாளி என்றார்கள். மார்ச் 9-ந் தேதி பென்டன்வில் சிறையில் இவான்ஸ் தூக்கிலிடப்பட்டான்.

மூன்று வருஷம் சென்றது. 1953-ம் வருஷம் மார்ச் மாதத்தில் கிறிஸ்டி வீட்டைக் காலி செய்தான். அந்த வீட்டிலிருந்த மற்றொருவர் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார். உள்ளே மூன்று ஸ்திரீகளின் பிரேதங்கள்! முன் அறைத் தரைப் பலகையின் கீழே கிறிஸ்டியின் மனைவி. தோட்டத்தில் இன்னும் இரண்டு ஸ்திரீகளின் எலும்புக் கூடுகள். 1949-ல் போலீஸார் சோதனை செய்தபோதே அந்த மனித எலும்புகளில் ஒன்று தோட்டத்துப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. அதை அவர்கள் கவனிக்கவில்லை. சந்தேகிக்க வேண்டியவன் யார் என்பதை முன்னதாகவே தீர்மானித்துக்கொண்ட கண்ணுக்கு எதிரே இருப்பது எப்படித் தெரியும்?

பெரிலைக் கொன்றதாகக் கிறிஸ்டி ஒப்புக்கொண்டான். குழந்தையைக் கொன்றதாக ஒப்பவில்லை. 1953 ஜூலை 15-ந் தேதி அவனும் தூக்கிலிடப்பட்டான். அம்மாதமே அவசர அவசரமாக நடந்த ஒரு விசாரணை, இவான்ஸ் குற்றவாளிதான் என்று முடிவு கூறியது. ஒரே வீட்டில் ஒன்றையொன்று அறியாமல் கழுத்து நெரிக்கும் கொலைகாரர்கள் இருவர் வசித்தார்கள் என்று ஜனங்கள் நம்ப வேண்டியதாயிற்று! பலர் நம்பவில்லை. 1961-ல் லுடோவிக் கென்னடி என்பவர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

1966-ல் நீதிபதி பிராபின் இரண்டாவது விசாரணையை முடித்தார். இவான்ஸ் மனைவியைக் கொன்றிருக்கக்கூடும், ஆனால் குழந்தையைக் கொன்றிருக்கமாட்டான் என்று எவரும் எதிர்பாராத முடிவுக்கு வந்தார். அவன் தூக்கிலிடப்பட்டதோ குழந்தைக்காக! அந்த வருஷம் அக்டோபரில் இவான்ஸுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. இறந்தவனுக்கு அது என்ன பயன் தரும்? எனினும், இங்கிலாந்தில் கொலைக்கு மரண தண்டனை ஒழிந்ததற்கு இந்த வழக்கு ஒரு முக்கிய காரணமாக அமைந்தது.

நம் நாட்டுச் சட்டம்

இதே வாக்குமூலம் நம் நாட்டில் கொடுக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜூரிகள் அதைக் கேட்டே இருக்கமாட்டார்கள். அந்நாளைய இங்கிலாந்தில், தன்னிச்சையாகக் கொடுத்தது என்று நீதிபதிக்குத் தோன்றினால் போலீஸாரிடம் சொன்னது சாட்சியமாயிற்று. இந்தியாவில் 1861 முதலே அது செல்லாது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவும் அதையே சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதிய சட்டத்தின் 23-வது பிரிவும் அதையே சொல்லுகிறது. ஒப்புக்கொள்ள விரும்புகிறவன் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். சொல்லக் கட்டாயம் எதுவும் இல்லை என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் பிறந்ததற்கு நம் சென்னை ராஜதானியும் ஒரு காரணம். கம்பெனி ஆட்சியில் வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் குடியானவர்களின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்த கொடுமைகளை 1855-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அம்பலப்படுத்தியது. தங்களுக்கு ஒரு சட்டமும் நமக்கு வேறொரு சட்டமும் வைத்தார்களே என்று நமக்குக் குறையாகத் தோன்றலாம். ஆனால் நம் முன்னோர் விரல் நோவப் பெற்ற அந்தப் பாதுகாப்பு லண்டன் வாலிபனுக்குக் கிடைக்கவில்லை.

நம் சட்டத்திலும் ஒரு சந்து உண்டு. குற்றவாளி சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். இவான்ஸ் விஷயத்தில் அதற்கும் இடமில்லை. பிரேதங்கள் காலையிலேயே அகப்பட்டுவிட்டன. வாக்குமூலம் வந்தது இரவில். ஆனால் இந்தச் சந்தின் வழியாகத் தடியும் நுழையக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

ரில்லிங்டன் பிளேஸ் தெரு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். ஆனால் அந்த அறை எல்லாத் தேசங்களிலும் இருக்கிறது. மேஜைக்கு ஒரு பக்கம் அதிகாரம். மறு பக்கம் அச்சமும் துக்கமும். "அவனே ஒப்புக்கொண்டுவிட்டானாம்!" என்று பத்திரிகையில் படிக்கும்போது, யாரிடம், எந்த நிலையில், யார் முன்னிலையில் ஒப்புக்கொண்டான் என்று ஒரு கணம் கேட்டுப் பார்ப்பது நம் கடமை. இறந்துபோன குழந்தையின் உடைகளுக்கு எதிரே நிற்கும் தகப்பன் சொல்லும் "ஆம்" குற்றத்தின் குரலாக இருக்கலாம். உடைந்த உள்ளத்தின் குரலாகவும் இருக்கலாம்.