வெளிச்சம் குறையும்போதுதான் விவரம் தேவை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் நீர் வடிந்த பின், கடலூர் சாலை வழியாகப் பாகூர் சென்றேன். வயல்களில் பயிர் மூழ்கிக் கிடந்தது. "விமானத்தில் பறந்தே பயிரை அளக்கிறார்களாமே, இந்தச் சேதத்தை அளக்க மாட்டார்களா, ஐயா?" என்று ஒரு விவசாயி கேட்டார். மேகம் மூடிய வானத்தை நிமிர்ந்து பார்த்தேன். பதில் அங்கேதான் இருந்தது.

அவர் குறிப்பிட்டது ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் எனப்படும் மீநிறமாலைத் தொலையுணர்வு. சாதாரண கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களையே பதிவு செய்கிறது. இக்கருவியோ ஒளியை நூற்றுக்கணக்கான நுண்பட்டைகளாகப் பிரிக்கிறது. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சும்; இலையோ அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். பயிர் நலிந்தால் இந்த விகிதம் மாறும். எனவே, கண்ணுக்குத் தெரியாத நோயையும் நீர்ப் பற்றாக்குறையையும் கருவி கண்டுகொள்கிறது.

இஸ்ரோவும் நாசாவும் இணைந்து 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை, அவிரிஸ்-என்ஜி என்னும் கருவியை இஸ்ரோவின் விமானத்தில் பொருத்தி, இந்தியாவில் 57 இடங்களை ஆய்வு செய்தன. ஏறத்தாழ 5 நானோமீட்டர் அகலமுள்ள 400-க்கும் மேற்பட்ட பட்டைகள் அதில் உண்டு. நாட்டின் பெரும்பகுதியில் வானம் தெளிந்திருக்கும் மாதங்கள் அவை.

மேகத்துக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோளைப் போலன்றி, விமானம் மேகத்துக்குக் கீழே பறக்கலாம். ஆனால், அங்கு கிடைப்பது வெயில் நாளின் ஒளியில் ஒரு பங்குதான். ஒரு மூட்டை நெல்லை நானூறு பேருக்குப் பங்கிடலாம்; ஒரு படி நெல்லைப் பங்கிட்டால் யாருக்கு என்ன கிடைக்கும்? ஒவ்வொரு பட்டையிலும் ஒளி குறையக் குறைய, கருவியின் சொந்த இரைச்சலே மேலோங்குகிறது. மேகத்தின் நீர்த்துளிகள் குற்றலை அகச்சிவப்பை உறிஞ்சுவதால், ஒளியின் நிறச் சேர்க்கையும் மாறிவிடுகிறது. வெயிலும் நிழலும் மாறிமாறி விழும் நாளோ இன்னும் மோசம்: ஒரே வயல் இரு வேறு பயிர்களாகத் தோன்றும்.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. விமானத்தின் மேற்புறத்தில் வானை நோக்கி ஓர் ஒளிமானியைப் பொருத்தி, விழும் ஒளியை நொடிதோறும் அளந்து கணக்கைத் திருத்தலாம். மெதுவாகப் பறக்கலாம், அண்டைப் பட்டைகளை இணைக்கலாம். 2022-இல் ஏவப்பட்ட இ.ஓ.எஸ்.-04 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவி வெள்ளத்தைக் காட்டும். ஆனால், இலையின் பச்சையம் எவ்வளவு என்பதை ரேடார் சொல்லாது.

பொருளியல் மாணவனாக என்னை உறுத்துவது வேறொன்று. விடுபட்ட விவரங்கள் தற்செயலாக விடுபட்டால் சராசரி பெரிதும் பிழைபடாது. இங்கோ, இழப்பு நேரும் நாள்களே பதிவிலிருந்து விடுபடுகின்றன. தெளிந்த வானத்தின் படங்களை மட்டுமே தொகுத்தால், வடகிழக்குப் பருவமழையை நம்பிய நம் கடற்கரையின் சேதம் குறைவாகவே தெரியும்.

எனவே, ஒவ்வொரு வான்படத்துடனும் அது எடுக்கப்பட்ட ஒளிநிலையும் பதிவாக வேண்டும். ஒளி போதாத இடத்தில், வயலில் இறங்கிச் செய்யும் அறுவடைப் பரிசோதனைக்கே முதலிடம் தர வேண்டும். படம் இல்லை என்பதற்குப் பாதிப்பு இல்லை என்று பொருள் கொண்டுவிடக் கூடாது.