குழிவளைவும் கைவிரலும்

திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயிலுக்கு அருகே, சுவாதித் திருநாள் மகாராஜா எழுப்பிய குதிரை மாளிகைக்குள் நுழைகிறவர்கள், கூரையின் விளிம்பைத் தாங்குவதுபோல் வரிசையாக நிற்கும் 122 மரக்குதிரைகளை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வகுத்த ராபர்ட் சிஷோமே திட்டமிட, 1880இல் நிறைவுபெற்ற நேப்பியர் அருங்காட்சியகத்திலும் மரத்தின் அலங்காரம் அவ்வாறே கண்ணைக் கவர்கிறது. ஆனால் சிற்பத்தின் முன் நின்று மகிழ்கிற கண், நல்ல மரவேலை எதிலும் உத்தரத்தின் ஓரத்திலும் கதவு நிலையின் தலையிலும் மச்சின் விளிம்பிலும் நீளவாட்டில் ஓடுகிற எளிய வளைவுகளைப் பெரும்பாலும் கவனிக்காமலே கடந்துவிடுகிறது.

அந்த வளைவுகள் வெறும் ஒப்பனை அல்ல. சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில் ஒளி சட்டென்று முறியாமல் படிப்படியாக நிழலாக மாறுவதற்கு அவையே காரணம்; கல்லில் இதே காரியத்தைச் செய்கிற உறுப்புகளுக்குப் பத்மம், குமுதம், கபோதம் என்று நம் சிற்ப சாஸ்திரம் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் பிரமாணம் வகுத்திருக்கிறது. மரச்சட்டத்தின் முகத்தில் உட்புறமாகக் குழிந்து ஓடும் வளைவை, இக்கட்டுரையின் வசதிக்காகக் குழிவளைவு என்று சொல்வோம். இன்று இந்நகரில் எழும் வீடுகளிலும் பூஜையறைக் கதவின் மேற்சட்டம், அலமாரியின் கிரீடம், கூரையோரப் பீடிங் ஆகியவற்றில் அதை விரும்பிக் கேட்கிறவர்கள் பலர். அதைச் செய்து தருகிற தச்சர் எந்த வழியில் அறுக்கிறார், அந்த வழியில் அவர் கைக்கு என்ன அபாயம் காத்திருக்கிறது என்பதைக் கேட்கிறவர்கள்தாம் மிகச் சிலர்.

முற்காலத்தில் இந்த வளைவை ஆசாரிமார், அடிப்பாகம் வளைந்த இழைப்புளியாலும் குழிவான உளியாலும் பொறுமையாகச் சீவி எடுத்தார்கள். இப்போது அதே காரியத்தை மேஜை ரம்பத்தில், அதாவது மேஜையின் நடுவே வட்டத்தகடு தலைநீட்டிச் சுழலும் அந்த யந்திரத்தில், சில நிமிஷங்களில் முடித்துவிடலாம் என்ற வித்தை பரவியிருக்கிறது. வித்தை என்று சொன்னது மிகையன்று. நேராக அறுப்பதற்கென்றே பிறந்த ஒரு தகட்டைக் கொண்டு வளைவைக் குடைந்தெடுப்பது, க்ஷேத்திர கணிதத்தின் ஓர் அழகான பிரயோகமே ஆகும்.

அதன் தத்துவம் இது. வட்டமான தட்டை நேராகப் பார்த்தால் முழு வட்டமாகவும், சற்றுத் திருப்பிப் பார்த்தால் நீள்வட்டமாகவும், விளிம்பை மட்டும் பார்த்தால் ஒரு கோடாகவும் தெரிவதுபோல, ரம்பத்தகட்டை நோக்கி மரம் எந்தக் கோணத்தில் வருகிறதோ அந்தக் கோணத்துக்கு ஏற்ற வடிவமே மரத்தில் பதிகிறது. தகட்டின் போக்கிலேயே தள்ளினால் குறுகிய ஒரு காடிதான் விழும். குறுக்காகத் தள்ளினால் தகட்டின் வட்டவில்லே அப்படியே பதியும். சாய்வாகத் தள்ளினால் இவ்விரண்டுக்கும் நடுவான நீள்வட்டக் குழிவு உண்டாகும். உதாரணமாக, 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள, அதாவது பத்து அங்குலத் தகடு மேஜைக்கு மேல் 20 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால், மேஜை மட்டத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 137 மில்லிமீட்டர் இருக்கும். 70 மில்லிமீட்டர் அகலமுள்ள குழிவளைவு வேண்டுமென்றால், தகட்டுக்குச் சுமார் 31 பாகைச் சாய்வில் மரம் செல்ல வேண்டும். மேஜையின் மேல் ஒரு நேரான சட்டத்தை அந்தச் சாய்வில் இறுக்கிக் கட்டி, அதை ஒட்டி மரத்தைத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு முறையும் தகட்டைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போவதுதான் முறை.

கணிதம் இவ்வளவு எளிதாக முடிந்துவிடுகிறது. அபாயமோ அங்கேதான் ஆரம்பமாகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று சுழலும் பத்து அங்குலத் தகட்டின் பற்கள் விநாடிக்கு ஏறக்குறைய 40 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றன. மேஜைக்கு மேலே தெரியும் பற்கள் தொழிலாளியை நோக்கியே ஓடி வருகின்றன. முன்பக்கத்துப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்த, பின்பக்கத்துப் பற்கள் அதைத் தூக்க முயல்கின்றன. மரம் சிறிது திரும்பினாலும், பின்பற்களில் சிக்கினாலும், அந்த முழு வேகமும் கட்டைக்குள் பாய்ந்து அது எகிறி அடிக்கிறது. அடிபடுவது தொழிலாளியின் வயிறும் மார்பும் என்றால், கட்டை விலகிய அதே கணத்தில் அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை போய் விழுவதோ பற்களின் மேல்.

இந்த விபத்தைத் தடுப்பதற்காகவே தகட்டின் பின்னால் அதே தளத்தில் ஒரு பின்தகடும், தலைக்கு மேல் ஒரு மூடியும் யந்திரத்தில் அமைந்திருக்கின்றன. குழிவளைவு அறுக்கும்போது மரம் சாய்வாகத் தகட்டின் மேலேயே கடந்து செல்ல வேண்டியிருப்பதால், இவ்விரண்டையும் கழற்றாமல் வேலை நடப்பதில்லை. மேலும், தன் தளத்தின் போக்கில் அறுக்க வடிக்கப்பட்ட மெல்லிய தகடு இங்கே பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தகடு மரத்தின் அடியில் மறைந்து வேலை செய்வதால், அபாயம் கண்ணில் படுவதே இல்லை. பலகையின் பின்முனை தகட்டைக் கடக்கிற தருணத்தில்தான் பற்கள் திடீரென்று வெளிப்படுகின்றன, அந்தப் பின்முனையைத் தள்ளும் கையும் அப்போது அங்கேயே இருக்கிறது.

சட்டம் இதை அறியாதிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு, யந்திரங்களின் அபாயகரமான பாகங்களுக்குக் காப்பு இட வேண்டும் என்று விதித்தது. அதன்கீழ் எழுந்த விதிகள் வட்ட ரம்பத்துக்கு மேல்மூடியும் பின்தகடும் தள்ளுகோலும் அவசியம் என்று கூறின. பிரிட்டனில் 1974இல் வகுத்த மரவேலை யந்திர விதிகளோ இன்னும் ஒரு படி மேலே சென்று, மேஜைக்கு மேல் தெரியும் தகட்டுக்குத் தக்க காப்பு இல்லாமல் வட்ட ரம்பத்தில் காடியோ வளைவோ அறுக்கலாகாது என்றே தடுத்தன. ஆனால் நம் நாட்டில் மின்சக்தியால் நடக்கும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால்தான் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. மூன்று பேரும் நான்கு பேரும் வேலை செய்கிற தச்சுப் பட்டறைக்கும், கட்டி முடியாத வீட்டின் முன்னறையில் ஒட்டுப்பலகையால் மேஜை அடித்து, கையில் பிடிக்கும் ரம்பத்தை அதன் அடியில் தலைகீழாகப் பூட்டி வேலை செய்கிற குழுவுக்கும், சட்டம் பெரும்பாலும் எட்டாத தூரத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இந்நகருக்குப் பிழைக்க வந்து, யந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைத் தாம் படித்தறியும் மொழியில் காணாதவர்களும் அந்தக் குழுக்களில் உண்டு.

ஆகவே, சட்டம் செய்யாத காரியத்தைத் தொழில் தர்மம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தத் தர்மத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: ஒரு காப்பைக் கழற்றுகிறவன், அதே வேலையைச் செய்யும் இன்னொரு காப்பை அந்த ஸ்தானத்தில் வைக்காமல் யந்திரத்தை ஓட்டலாகாது.

பின்தகட்டின் ஸ்தானத்தில் வைக்க வேண்டியது, மேஜையின் மேல் மரத்துக்கு வழிகாட்டும் இரண்டாவது சட்டம். ஒரே ஒரு சட்டத்தை மட்டும் கட்டுவதானால், பற்கள் மரத்தை எந்தப் பக்கம் ஒதுக்குகின்றனவோ அந்தப் பக்கத்தில், அதாவது தொழிலாளி நிற்கும் பக்கத்தில்தான் அது இருக்க வேண்டும்; எதிர்ப்பக்கத்தில் இருந்தால் பற்கள் மரத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து இழுத்துவிடும். இருபுறமும் இணையாகச் சட்டம் கட்டி, நடுவே மரம் ஆடாமல், ஆனால் தடையின்றி வழுக்கிச் செல்லும்படி ஒரு வாய்க்கால் அமைத்துவிட்டால், மரம் திரும்புவதற்கே இடமில்லை. சட்டங்களை நல்ல கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டுமே தவிர, ஆணி அடித்து நிறுத்துவதும் ஆள் பிடித்து நிற்பதும் கூடாது. மரத்தை எப்போதும் பற்களின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையிலேயே செலுத்த வேண்டும்; ஓட்டத்தோடு தள்ளினால் ரம்பமே மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

மேல்மூடியின் ஸ்தானத்தில் வைக்க வேண்டியவை தள்ளுகட்டைகள். பலகையின் முதுகை அழுத்தவும் முனையைத் தள்ளவும் பிடியுள்ள கட்டைகள் இரண்டு வேண்டும். வெறும் கை தகட்டுக்கு நேர்மேலே எந்த நிலையிலும் வரலாகாது. கையுறை பாதுகாப்பு என்று நினைப்பது பெரும் பிழை. சுழலும் பல் கையுறையின் நுனியைப் பற்றினால், விரலோடு நில்லாமல் முழுக்கையையும் இழுத்துக்கொள்ளும். தொங்கும் சட்டைக்கையும் தோளில் கிடக்கும் துண்டும் அவ்வாறே ஆகாதவை. முகத்துக்குக் கண்ணாடியும், மூக்குக்கு மரத்தூளைத் தடுக்கும் முகமூடியும் வேண்டும்.

பக்கவாட்டு அழுத்தத்துக்கு மாற்று, பொறுமை ஒன்றுதான். ஒரு தடவைக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பதினான்கு தடவைக்குக் குறையாமல் மரம் போய்வர வேண்டும். கடைசித் தடவை அரை மில்லிமீட்டரே போதும். தகடு கூர்மையாகவும் போதிய கனத்தோடும் இருக்க வேண்டும். ஓர் அடிக்கும் குட்டையான துண்டை இந்த முறையில் தொடவே கூடாது. நீளமான பலகையில் குடைந்த பிறகு துண்டாக்கிக்கொள்ளலாம். கணு உள்ள மரமும், நாரோட்டம் முறுக்கிய மரமும் தேக்கானாலும் ஆஞ்சிலியானாலும் விலக்கத்தக்கவை. மின்சாரம் போய்த் திரும்பும்போது யந்திரம் தானாகச் சுழலத் தொடங்காதபடி காக்கும் சுவிட்சும், முழங்காலால் தட்டியே நிறுத்தக்கூடிய பெரிய பொத்தானும் இருப்பது அவசியம். தகட்டைச் சிறுகச் சிறுக உயர்த்தும் வசதியே இல்லாத வீட்டுத் தயாரிப்பு மேஜையில் இந்த வேலையை நினைக்கவும் கூடாது. கிரைண்டரில் மர ரம்பத்தகட்டைப் பூட்டிக் குடைய முயல்வது அதைவிடவும் கொடியது.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999இல் கண்டுபிடித்த ஓர் உபாயம், மனிதத் தோலின் மின்கடத்தும் குணத்தை உணர்ந்து, விரல் பட்ட சில மில்லிவிநாடிகளில் தகட்டை நிறுத்திவிடுகிறது. அது பெரும் வரப்பிரசாதமே. ஆயினும் எகிறி வரும் கட்டையை அது தடுப்பதில்லை, அதன் விலையோ நம் சிறு பட்டறைகளுக்கு எட்டுவதும் இல்லை. எனவே நம் சூழ்நிலையில் மேலான உபாயம், அபாயமான வழியைத் தவிர்க்கத் தெரிந்திருப்பதே. பின்தகட்டைக் கழற்றாமலே, தகட்டைத் தாழ்த்தி வைத்து, வேண்டிய குழிவின் ஆழத்துக்கு ஏற்பப் பக்கம் பக்கமாக நேரான காடிகளை இட்டுப் பெரும்பகுதி மரத்தை நீக்கிவிட்டு, மீதியை வளைந்த இழைப்புளியால் சீவி முடிக்கலாம். இதில் யந்திரத்தின் வேகமும் கிடைக்கிறது, பக்கவாட்டு அழுத்தமும் இல்லை. சிறு வளைவுக்கு, மரம் குடையும் கருவியான ரூட்டர் போதும். நூற்றுக்கணக்கான அடி தேவைப்பட்டால், மரத்தைத் தானே இழுத்துச் செலுத்தும் உருளைகள் கொண்ட மோல்டிங் யந்திரம் உள்ள ஆலையில் கொடுத்து வாங்கிவிடுவதே விவேகம்.

இவ்வளவும் தெரிந்த தச்சரே சில சமயம் தெரியாதவர்போல் நடந்துகொள்வதன் காரணம் அறியாமை அன்று, அவசரம். அடிக்கணக்கில் கூலி பேசும்போது, இரண்டாவது சட்டம் கட்டும் நேரத்துக்கும் பதினான்கு தடவை தள்ளும் நேரத்துக்கும் எவரும் காசு கொடுப்பதில்லை. அந்தக் காசு மிச்சமானதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது தொழிலாளியின் கையின்மேல் எழுதப்பட்ட கடனாக நிற்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை, ஒரு கட்டைவிரலை இழந்தவனுக்குச் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கும், சுட்டுவிரல் முழுவதையும் இழந்தவனுக்கு 14 பங்கும் குறைந்ததாகக் கணக்கிட்டது. உளியைப் பிடிக்கவும் மரத்தின் நாரைத் தடவி அறியவும் அந்த இரு விரல்களையே நம்பியிருக்கிற தச்சனுக்கு, இந்தப் பின்னங்கள் எந்த விதத்தில் நியாயமாகும்?

வீடு கட்டுகிறவர்கள் தேக்கின் தரத்தையும் பாலிஷின் பளபளப்பையும் விசாரிக்கிற அதே சிரத்தையோடு, இந்த வளைவை எப்படி அறுக்கப் போகிறீர்கள் என்று தம் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பாதுகாப்பான முறைக்கு ஒரு நாள் கூடுதலாகும் என்று அவர் சொன்னால், அந்த நாளின் கூலியை மனமுவந்து கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டறை வைத்திருப்பவர்கள், இரட்டைச் சட்டமும் தள்ளுகட்டையும் இல்லாத மேஜையில் குழிவளைவு அறுக்க எவரையும், அவர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும், அனுமதிக்கக் கூடாது. வளைவு இல்லாமலும் கதவு மூடும், அலமாரி நிற்கும். அது வேண்டும் என்று ஆசைப்படுகிற நாம், அதைச் செய்து தருகிறவரின் பத்து விரல்களுக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகே ஆசைப்பட வேண்டும்.