கணக்குக்குத் தனி வழி

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்தது. உள் நெட்வொர்க் தனித்திருந்ததால் அங்கே பாதிப்பில்லை என அணுமின் கழகம் அறிவித்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் மொத்த வியாபாரமானாலும் மளிகைக் கடையானாலும் நமக்கும் இதுவே பாடம். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு வைப்போம்: ஒன்று பில் போடும் கம்ப்யூட்டர்களுக்கு, மற்றது இணையத்துக்கு. இரண்டையும் பிரிட்ஜ் செய்யக் கூடாது. ஒன்றில் வருவதை மற்றதற்குக் கடத்தும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். இணையப் பக்கக் கார்டில் ஃபைல் ஷேரிங் வேண்டாம், ஃபயர்வால் வேண்டும்.

சர்வருக்கே வைரஸ் வந்தால் இந்தத் தடுப்பு காக்காது. ஆகவே அதில் மெயில் பார்க்க வேண்டாம். தினமும் கடை கட்டும்போது கணக்கை நகலெடுத்து, கழற்றித் தனியே வைப்போம். பற்று வரவு அழிந்தால், பாக்கியை எதைக் காட்டிக் கேட்போம்?