பழைய கணினி விளையாட்டுகளின் பெருமை

கணினி விளையாட்டு என்றதும், உண்மை உலகம் போலவே காட்சி தரும் இன்றைய விளையாட்டுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த எளிய விளையாட்டுகளைத் தேடிப்பிடித்து ஆடுவோர் உலகெங்கும் உள்ளனர். இதனை இளமைக்கால நினைவு என்று மட்டும் கூறிவிட முடியாது. அந்நாளில் பிறந்தே இராத சிறுவர் சிறுமியரும் அவற்றை விரும்புகின்றனரே! காரணம் என்ன? அக்காலக் கணினியின் ஆற்றல் மிகக் குறைவு. அந்தக் குறைவைக் கொண்டே நிறைவைக் கண்ட அறிவுத்திறன்தான் காரணம்.

1978-ஆம் ஆண்டில் ஜப்பானின் தைட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த தோமோஹிரோ நிஷிகாடோ, 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில் 55 வேற்றுலக உருவங்கள் இறங்கி வரும். நாம் கீழிருந்து சுட்டு வீழ்த்த வேண்டும். இத்தனை உருவங்களையும் வரைந்து நகர்த்தக் கணினி திணறியதால், படை மெதுவாக நகர்ந்தது. சிலவற்றை வீழ்த்தியதும் கணினிக்கு வேலை குறைந்தது. எஞ்சியவை விரைந்து ஓடின. நிஷிகாடோ இதனை மாற்றாமல் விட்டுவிட்டார். வெற்றி நெருங்க நெருங்க ஆட்டம் கடினமாவதே அதன் சுவையாயிற்று!

1980-இல் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாதானி 'பாக்மேன்' விளையாட்டை அமைத்தார். அந்நாளில் விளையாட்டுக் கூடங்களில் ஆண்களே மிகுந்திருந்தனர். பெண்களும் வந்து ஆட வேண்டும் என எண்ணிய அவர், சுடுவதை விடுத்து உண்பதைக் கருவாகக் கொண்டார். துரத்தி வரும் நான்கு பேய்களுக்கும் வெவ்வேறு குணங்களைத் தந்தார். ஒன்று பின்னாலேயே துரத்தும். மற்றொன்று முன்னே சென்று வழிமறிக்கும். இந்த ஆட்டத்தில் கட்ட எண்ணுக்கு ஒரே ஒரு 'பைட்' இடம்தான். அதில் 0 முதல் 255 வரையே அடங்கும். எனவே 256-ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி குழம்பிவிடும்.

1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' விளையாட்டை உருவாக்கிய 'எலெக்ட்ரோனிகா 60' கணினிக்குப் படம் வரையவே தெரியாது. அடைப்புக்குறிகளை அடுக்கியே அவர் கட்டங்களை அமைத்தார்.

இத்தகைய செல்வங்கள் இன்று அழிந்து வருகின்றன. பழைய இயந்திரங்கள் பழுதாகின்றன. புதிய கணினிகளில் பழைய விளையாட்டுகள் நேரடியாக இயங்குவதில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் 87 விழுக்காடு கடைகளில் விற்பனைக்கு இல்லை என 2023-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. 1983-இல் அட்டாரி நிறுவனம் விற்காத விளையாட்டுகளை நியூ மெக்சிகோவில் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தது. 2014-இல் அவற்றைத் தோண்டி எடுத்தபோது, சில அருங்காட்சியகத்தை அடைந்தன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் 2012-இல் பாக்மேன், டெட்ரிஸ் உள்ளிட்ட 14 விளையாட்டுகளைச் சேர்த்துக்கொண்டது. பழைய கணினியைப் போலவே இயங்கும் 'எமுலேட்டர்' மென்பொருளை எழுதி, ஆர்வலர்களும் அவற்றைக் காத்து வருகின்றனர்.

அன்புத் தோழியரே! ஆண்டவர் இயேசு கூறிய உவமையில், ஒரே தாலந்து பெற்றவன் அதனை மண்ணில் புதைத்து வைத்தான். இவ்விளையாட்டுகளை ஆக்கியோரோ, கிடைத்த சிறிதளவைப் பன்மடங்காகப் பெருக்கினர். வசதி போதவில்லை என்று நாம் சோர்ந்திருக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்வோம். நல்ல நூல்களைப் போலவே இவர்களின் ஆக்கங்களையும் வருங்காலத்தவர்க்குக் காத்து வைப்போமாக!