பெயர் ஒன்று, பதிப்பு வேறு

நூலகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை அலமாரிகளும் புத்தகங்களுமே. ஆனால் கணினிக்குள்ளும் நூலகங்கள் உண்டு என்பதைத் தோழியர் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். அந்நூலகங்களுக்குள் எழுந்த ஒரு பூசல் எங்கள் கணினி மன்றத்தை நான்கு நாட்கள் தவிக்க வைத்தது. அது ஏன் எழுந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பகிர்வு நூலகம் என்றால் என்ன என்று காண்போம். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், நாற்பது பேரும் ஆளுக்கொரு பெரிய அகராதி வாங்குவதைவிடப் பள்ளி நூலகத்தில் ஒன்றை வைத்து எல்லோரும் பயன்படுத்துவது சிக்கனம் அல்லவா? கணினி நிரல்களும் அப்படியே. செய்தியைச் சுருக்குதல், பிறர் படிக்க இயலாதபடி மறைத்தல் போன்ற பொதுவான வேலைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே சுமப்பதில்லை. அவற்றைச் செய்யும் கோப்பு ஒரு பொது இடத்தில் இருக்கும். நிரல் ஓடத் தொடங்கும்போது ‘ஏற்றி’ என்னும் சிறு நிரல் அக்கோப்பைத் தேடி எடுத்து இணைத்துவிடும்.

இடம் மிச்சமாவது மட்டும் இதன் பயன் அன்று. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறைப்பு நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் இருந்த அக்குறை 1.0.1ஜி பதிப்பில் நீக்கப்பட்டது. நூலகத்தைப் பகிர்ந்து பயன்படுத்திய கணினிகளில், அந்த ஒரு நூலகத்தை மாற்றி நிரல்களை மறுபடி தொடங்கியதும் அத்தனை நிரல்களும் குறை நீங்கின. தமக்குள்ளேயே தனிப் பிரதி வைத்திருந்த நிரல்களையோ ஒவ்வொன்றாக மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். பள்ளி நூலகத்தின் நூற்பட்டியலை எல்லா வகுப்பறைக் கணினிகளிலும் காணச் செய்ய வேண்டும். ஆண்டு விழாவுக்குள் முடிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. மாணவியர் கடவுச்சொல் தந்து புத்தகத்தை முன்பதிவு செய்வார்கள். ஆகவே அச்சொல் பிறர் கண்ணில் படாமல் காப்பது எங்கள் பொறுப்பு. எங்களுக்குக் கிடைத்த பழைய லினக்ஸ் கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 இருந்தது. அதை உருவாக்கியவர்கள் 2023 செப்டம்பரோடு அப்பதிப்புக்கான பொதுப் பராமரிப்பை நிறுத்திவிட்டனர். எனவே 3ஆம் பதிப்பைத் தனிக் கோப்புறையில் நிறுவி, அதைக் கொண்டு அப்பாச்சி 2.4 என்னும் வலைச் சேவையகத்தை மூலநிரலிலிருந்தே உருவாக்க முனைந்தோம்.

இவ்வேலைக்கு மூன்று படிகள் உண்டு. ‘கான்ஃபிகர்’ என்பது கணினியில் என்னென்ன உள்ளன என்று பார்த்துத் திட்டமிடும். ‘மேக்’ மூலநிரலை இயந்திரமொழிக்கு மாற்றும். ‘மேக் இன்ஸ்டால்’ உரிய இடங்களில் கொண்டுபோய் வைக்கும். மூன்றும் பிழையின்றி முடிந்தன. மகிழ்ச்சியோடு சேவையகத்தைத் தொடங்கினோம். ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 என்ற கோப்பைத் திறக்க இயலவில்லை. அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று திரையில் வந்தது!

கோப்போ எங்கள் கண்முன்னே இருந்தது. பின் ஏன் இல்லை என்கிறது? காரணம் இதுதான். உருவாக்கும்போது நூலகத்தைத் தேடுவது ‘இணைப்பி’; ஓடும்போது தேடுவது ‘ஏற்றி’. நாங்கள் இணைப்பிக்கு வழி சொன்னோம், ஏற்றிக்குச் சொல்லவில்லை. அது தனக்குத் தெரிந்த பொது இடங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டது.

விழாவுக்கு நாட்கள் குறைந்ததால் குறுக்கு வழி ஒன்று எங்களுக்குத் தோன்றியது. பொது இடத்தில் உள்ள 1.1 எண்ணுடைய பழைய கோப்புக்கே 3 என்று இன்னொரு பெயர் சூட்டினோம். உடனே, ‘ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.0 பதிப்பு காணப்படவில்லை’ என்ற புதிய பிழை வந்தது. அருகில் நின்ற கணினி ஆசிரியை, “அட்டையை மாற்றினால் பாடம் மாறுமா, பிள்ளைகளே?” என்று கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம்.

பகிர்வு நூலகப் பெயரின் இறுதியில் உள்ள எண் அலங்காரத்திற்கு இட்டதன்று. அது ஒரு வாக்குறுதி. எண் மாறாதவரை பழைய நிரல்கள் அந்நூலகத்தை நம்பலாம். உள்ளமைப்பு ஒத்துவராத அளவுக்கு மாறும்போது எண்ணையும் மாற்றுவார்கள். நல்லவேளையாக ஓப்பன்எஸ்எஸ்எல் தன் பதிப்பின் அடையாளத்தை உள்ளேயும் பொறித்து வைத்திருந்ததால் எங்கள் தவறு உடனே பிடிபட்டது. அத்தகைய அடையாளம் இல்லாத நூலகமாயின், சேவையகம் ஓடுவதுபோல் ஓடி, எங்கோ ஒரு நாள் தவறிழைத்திருக்கும். தோழியரின் கடவுச்சொற்களை நம்பி ஒப்படைக்கும் இடத்தில் அத்தகைய பொய்ப்பெயர் தகுமா?

அடுத்து, ‘எல்டி லைப்ரரி பாத்’ என்னும் மாறியில் புதிய கோப்புறையின் பாதையை எழுதினோம். சேவையகம் ஓடியது! ஆனால் மறுநாள் காலை கணினியை இயக்கியபோது பழைய பிழையே மீண்டும் வந்தது. அந்த மாறி நாங்கள் தட்டச்சு செய்த சன்னலுக்கு மட்டுமே உரியது. கணினி தானாகத் தொடங்கும் சேவைகளுக்கு அது தெரியாது. சோதித்துப் பார்க்க அது நல்ல வழி, நிலையான தீர்வாகாது.

நிலையான தீர்வுகள் இரண்டு. ஒன்று, ஏற்றியின் பொதுப் பட்டியலில் நம் கோப்புறையைச் சேர்த்து ‘எல்டிகான்ஃபிக்’ என்னும் கட்டளையை இடுவது. இது அக்கணினியின் எல்லா நிரல்களுக்கும் பொருந்தும். ஆகவே அதே பெயரும் எண்ணும் உடைய வேறு நூலகம் ஏற்கெனவே இருந்தால் பிற நிரல்களும் தடுமாறக்கூடும். மற்றொன்று, உருவாக்கும்போதே ‘ஆர்பாத்’ என்னும் குறிப்பால் நூலகத்தின் முகவரியை நிரலுக்குள் எழுதிவிடுவது. இது அந்நிரலுக்கு மட்டும் உரியது.

நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். ‘மேக் டிஸ்ட்கிளீன்’ என்ற கட்டளையால் பழைய எச்சங்களைத் துடைத்துவிட்டு, ஆர்பாத் குறிப்புடன் மூன்று படிகளையும் மீண்டும் செய்தோம். பின்னர் ‘எல்டிடி’ என்னும் கட்டளையால் சோதித்தோம். ஒரு நிரல் எந்த நூலகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று வரிசையாகக் காட்டுவது அது. 3 எண்ணுடைய கோப்புக்கு நேராக எங்கள் கோப்புறையின் பெயர் தெரிந்தது. கணினியை அணைத்து இயக்கினோம். சேவையகம் தானே எழுந்தது.

இன்னொரு பூசலையும் அறிந்துகொள்வது நல்லது. ‘ஒரே உறையில் இரண்டு கத்தி’ என்பார்கள். அப்பாச்சி 1.3 பதிப்புக்குள் எக்ஸ்பாட் என்ற நூலகத்தின் பிரதி ஒன்று இருந்தது. பெர்ல் மொழிக்கான எக்ஸ்எம்எல் பார்சர் என்ற கூறும் தனக்கென ஓர் எக்ஸ்பாட் பிரதியைக் கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரே பெயருடைய செயற்கூறுகள். அழைத்தது ஒன்றை, வந்தது மற்றொன்று; சேவையகம் நிலைகுலைந்து விழுந்தது. எக்ஸ்பாட் இன்றி அப்பாச்சியை மீண்டும் உருவாக்கியே அதைத் தீர்த்தனர். ஆகவே சேவையகமும் அதனுள் ஏற்றப்படும் கூறுகளும் ஒரே பதிப்பைப் பயன்படுத்துகின்றனவா என்று எல்டிடி கொண்டு பார்த்துவிட வேண்டும்.

தோழியரே! பிழைச்செய்தியைக் கண்டு பதறாமல் முழுதும் படியுங்கள். எந்த நூலகம், எந்த எண், யார் தேடுகிறார் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கோப்பின் பெயரை மாற்றிச் சமாளிக்காதீர்கள். தேவையில்லாதபோது மூலநிரலிலிருந்து உருவாக்கவும் முயலாதீர்கள். ஏனெனில் நாமே நிறுவிய நூலகத்தை நாமே பராமரிக்க வேண்டும். நாளை அதில் ஒரு குறை வெளிப்பட்டால் கணினி தானாகத் திருத்திக்கொள்ளாது. அதனால் மாதந்தோறும் முதல் வாரத்தில் புதிய பதிப்பு வந்துள்ளதா என்று பார்க்க எங்களுக்குள் முறை வைத்துக் குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். எங்களுக்குப்பின் வரும் தங்கையர் அக்குறிப்பேட்டைத் தொடர்வார்கள் என்று நம்புகிறோம். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி கணினிக்கும் பொருந்தும் அன்றோ!

– பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு